‘டூட்’ என்று யாரைக் கூப்பிடலாம்?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் ஒரு அமெரிக்க நிறுவனம். தினமும் ராத்திரி டென்வர் ஆட்களோடு ஃபோன் கால் இருக்கும். அவர்கள் ஒருவரையொருவர் ‘டூட்’ என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இரண்டு பேர் என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் அந்தப் பக்கத்து மேலாளர் ஒருவர், வயதிலும் பதவியிலும் மூத்த பெண்மணி, இழுத்துக்கொண்டிருந்த ஒரு அனுமதியைச் சீக்கிரம் வாங்கிக் கொடுத்தார். சந்தோஷத்தில் டீம் சாட்டில் ‘தேங்க்ஸ் டூட்’ என்று போட்டுவிட்டேன். ‘யு ஆர் வெல்கம்’ என்று மட்டும் பதில் வந்தது. எங்கள் டெலிவரி மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, “பார்த்துப் பேசுங்க” என்றார். இதற்கு நடுவில் ஒரு நண்பர், டூட் என்றால் யானையின் பின்புறத்து முடி என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அது உண்மையா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது? எட்டாவது படிக்கும் என் மகன்கூட இப்போது என்னை டூட் என்கிறான். அந்த மேலாளரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்த யானை முடி. அது முழுப் பொய். வாட்ஸ்அப் வருவதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டுவதற்காகச் சொல்லிவந்த கதை அது. யானைக்குப் பதில் ஒட்டகத்தை வைத்தும் சொல்வார்கள். சொல் வரலாறு என்று இப்படி ஏதாவது வந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: எந்த வருஷம், எந்த ஊர், எந்த அச்சில் என்று அதில் எதுவுமே இருக்காது. டூட் விஷயத்தில் நமக்கு ஊரும் தெரியும், வருஷமும் தெரியும், பத்திரிகையின் பெயர்கூடத் தெரியும்.

ஊர் நியூயார்க். வருஷம் 1883. அந்த ஜனவரி 14ஆம் தேதி ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகையில் ராபர்ட் சேல் ஹில் என்பவர் எழுதிய ஒரு நையாண்டிக் கவிதை வெளியானது. நகரத்தில் புதிதாக முளைத்திருந்த ஒரு வகை இளைஞர்களை அது கிண்டல் செய்தது. அவர்களுக்கு அது கொடுத்த பெயர்தான் டூட். அடுத்த சில மாதங்களில் அமெரிக்கா முழுக்கப் பத்திரிகைகளில் இந்தச் சொல் பரவிவிட்டது. கார்ட்டூன் போட்டார்கள், தலையங்கம் எழுதினார்கள். ஒரு சொல் இவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டது என்றால், அதற்கான ஆள் ஏற்கெனவே தெருவில் நடமாடிக்கொண்டிருந்தார் என்றுதான் அர்த்தம். பெயர் மட்டும்தான் பாக்கி இருந்தது.

அந்த ஆள் எப்படி இருந்தார்? அப்பாவுக்கு நிறையப் பணம். பிள்ளைக்கு வேலை என்று எதுவும் கிடையாது. காலோடு ஒட்டிய இறுக்கமான கால்சட்டை, தாடையைத் தொடும் விறைப்பான காலர், கூர்மூக்கு ஷூ, கையில் ஒரு கைத்தடி. எல்லாம் லண்டன் பாணி. பேச்சிலும் வலிய வரவழைத்த ஆங்கிலேய உச்சரிப்பு. உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு தலைமுறைக்குள் நியூயார்க்கில் புதுப் பணம் குவிந்திருந்தது. அந்தப் பணத்தின் பிள்ளைகள் இங்கிலாந்துப் பிரபுக்களைப் போல நடித்துக்கொண்டிருந்தார்கள். உழைத்துச் சாப்பிட்ட மற்றவர்களுக்கு அது எரிச்சலாக இருந்தது. அப்படி உடுத்திய பெண்களுக்கு ‘டூடீன்’ என்றுகூட ஒரு சொல் கொஞ்ச காலம் இருந்து மறைந்துபோனது.

அந்தக் காலத்து டூட்களின் அரசன் என்று பெயரெடுத்தவர் எவாண்டர் பெர்ரி வால். சரடோகா என்ற குதிரைப் பந்தய ஊரில், பந்தயம் கட்டி ஒரே நாளில் 40 முறை உடை மாற்றினார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. 1881 முதல் 1885 வரை அதிபராக இருந்த செஸ்டர் ஆர்தர் நன்றாக உடுத்துவதில் ஆசை உள்ளவர். அவரையே ‘டூட் அதிபர்’ என்று கேலி செய்தார்கள். ஆகவே உங்கள் டென்வர் சகா இன்று அன்பாகச் சொல்லும் இந்தச் சொல், பிறந்தபோது ஒரு ஏச்சு. உழைக்காமல் மினுக்கித் திரிகிறவன் என்பதுதான் அதன் பொருள்.

சரி, அந்தக் கவிதையில் வந்த சொல்லுக்கு வேர் எது? இதற்காகப் பல வருஷம் பழைய பத்திரிகைகளைப் புரட்டியவர்கள் இருவர்: பேரி பாப்பிக் என்ற ஆய்வாளரும், மிசௌரியில் பேராசிரியராக இருந்த ஜெரால்ட் கோஹனும். கோஹன் நடத்திய ஆய்விதழில் 2013இல் திரட்டிய சான்றுகளோடு அவர்கள் சொன்ன முடிவு, ‘யாங்கீ டூடில்’ என்ற பழைய பாட்டின் ‘டூடில்’தான் சுருங்கி டூட் ஆனது என்பது. டூடில் என்றால் விவரமில்லாதவன். அமெரிக்கக் குடியேற்றவாசிகளைக் கிண்டல் செய்ய ஆங்கிலேயச் சிப்பாய்கள் பாடிய பாட்டு அது. அந்த டூடில் தன் தொப்பியில் ஒரு இறகைச் செருகிக்கொண்டு, அதற்கு ‘மெக்கரோனி’ என்று பெயர் வைக்கிறான். இன்று நாம் சாப்பிடும் மெக்கரோனி அல்ல. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் அதிநாகரிகமாக உடுத்தித் திரிந்த இளைஞர்களுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஒரு இறகைச் செருகினாலே லண்டன் நாகரிகம் வந்துவிட்டதாக நினைக்கும் பட்டிக்காட்டான் என்பது பாட்டின் கேலி. நூறு வருஷம் கழித்து, லண்டன் உடுப்பைப் போட்டுக்கொண்டு பிரபு என்று நினைத்துக்கொண்ட நியூயார்க் பையன்களுக்கு அதே பெயரின் பாதி பொருத்தமாக வந்து ஒட்டிக்கொண்டது. துணிமணிகளைக் குறிக்கும் ‘டட்ஸ்’ என்ற பழைய பேச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு டூடில் விளக்கம்தான் ஏற்புடையதாக இருக்கிறது. ஒலி பொருந்துகிறது, கேலியின் குறியும் ஒன்றாகவே இருக்கிறது.

அப்புறம் சொல் ரயிலேறி மேற்கே போனது. மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்த கவ்பாய்களுக்கு, நகரத்திலிருந்து புது பூட்ஸோடு வந்து இறங்கும் எவனும் டூட்தான். உடையில் தொடங்கிய சொல், ‘நம்ம ஊர் ஆள் இல்லை’ என்ற பொருளுக்கு விரிந்தது. பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் 1883 செப்டம்பரில் டகோட்டாவுக்கு எருமை வேட்டைக்குப் போனபோது, மூக்குக்கண்ணாடி போட்ட இந்த நகரத்து இளைஞரை அங்கிருந்தவர்கள் இப்படித்தான் பார்த்தார்கள். ‘நாலு கண்ணன்’ என்றும் கூப்பிட்டார்கள். ரூஸ்வெல்ட் போன அதே மெடோரா பகுதியில் ஈட்டன் சகோதரர்கள் என்று மூன்று பேர் பண்ணை வைத்திருந்தார்கள். கிழக்கிலிருந்து விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்ததால், தங்குவதற்குக் காசு வாங்க ஆரம்பித்தார்கள். அதுதான் ‘டூட் ராஞ்ச்’ என்ற தொழிலின் தொடக்கம். 1904இல் அவர்கள் வயோமிங்குக்கு இடம் மாறினார்கள். 1926இல் இப்படிப்பட்ட பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கமே அமைத்தார்கள். உங்கள் டென்வர் இருக்கும் கொலராடோவில் இன்றும் டூட் ராஞ்ச்கள் நடக்கின்றன. அந்தப் பெயரில் மட்டும் பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டூட் என்றதும் கலிபோர்னியா கடற்கரை, அலைச்சறுக்குப் பலகை, பொன்னிற முடிப் பையன் என்றுதான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. 1982இல் ஒரு ஹாலிவுட் படத்தில் ஷான் பென் நடித்த சர்ஃபர் பாத்திரம் அந்தச் சித்திரத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. ஆனால் கேலிச் சொல்லைத் தோழமைச் சொல்லாக மாற்றியவர்கள் அவர்கள் அல்ல. 1930களிலும் 1940களிலும் கறுப்பின இளைஞர்களும், ‘பச்சூக்கோ’ என்று அழைக்கப்பட்ட மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களும் ‘ஸூட் சூட்’ என்ற உடையை அணிந்தார்கள். தோள் அகன்று முழங்கால் வரை தொங்கும் கோட்டு, தொடையில் தொளதொளவென்று விரிந்து கணுக்காலில் இறுகும் கால்சட்டை. வெள்ளையர் சமூகம் ஒதுக்கி வைத்திருந்த பிள்ளைகள் தங்கள் மதிப்பைத் தங்கள் உடையால் காட்டிக்கொண்டார்கள். அவர்கள் ஒருவரையொருவர் டூட் என்று கூப்பிட்டுக்கொண்டபோது அதில் கேலி இல்லை. ‘நீ நன்றாக உடுத்துகிறவன், நம்மில் ஒருவன்’ என்ற பெருமை இருந்தது.

அந்த உடைக்காக அவர்கள் அடியும் வாங்கினார்கள். 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் கடற்படை, தரைப்படைச் சிப்பாய்கள் தெருத் தெருவாகப் போய் இந்த இளைஞர்களை அடித்து, உடைகளைக் கிழித்து எறிந்தார்கள். அடிபட்டவர்களையே போலீஸ் கைது செய்தது. அந்தத் தெருக்களிலிருந்துதான் இந்தச் சொல் மெதுவாகக் கசிந்து, 60களிலும் 70களிலும் கலிபோர்னியாவின் சர்ஃபர்களிடமும் ஸ்கேட்போர்டு ஓட்டும் பையன்களிடமும் போய்ச் சேர்ந்தது. பிறகு சினிமா, தொலைக்காட்சி, கல்லூரி விடுதிகள் என்று பரவி, இன்று உங்கள் டீம் சாட் வரை வந்திருக்கிறது. உங்களிடம் யாராவது இது வெள்ளைக்காரப் பையன்களின் சோம்பேறிப் பேச்சு என்று சொன்னால், இந்தப் பகுதியைச் சொல்லுங்கள்.

இனி, இன்றைய பயன்பாடு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மொழியியலாளர் ஸ்காட் கீஸ்லிங் 2004இல் இந்த ஒரே சொல்லைப் பற்றி முழு ஆய்வுக் கட்டுரை எழுதினார். தன் மாணவர்களிடம், காதில் விழும் முதல் 20 டூட்களை, யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னார்கள் என்று குறித்துவரச் சொன்னார். ஆண்கள் விடுதி ஒன்றில் 1993இல் தான் பதிவு செய்த உரையாடல்களையும் சேர்த்துக்கொண்டார். இளம் ஆண்கள் தங்களுக்குள் சொல்வதுதான் மிக அதிகம் என்று தெரிந்தது. பெண்களும் தங்களுக்குள் கணிசமாகச் சொல்கிறார்கள். பெற்றோரிடமும் பேராசிரியரிடமும் மிகக் குறைவு. காதலியிடமும் அப்படித்தான்.

காதலியிடம் ஏன் சொல்வதில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கீஸ்லிங் சொல்வதன் சாரம் இது: டூட் நெருக்கத்தைக் காட்டும், ஆனால் உருகாது. ‘நாம் சமம், நமக்குள் சண்டை இல்லை, அதே சமயம் நான் உன்மேல் விழுந்து கொஞ்சவும் இல்லை’ என்ற நிதானமான தோழமை அது. நம் பையன்கள் ‘மச்சி’ என்பதும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் நிற்கிறது. மச்சி என்று கூப்பிட யாருக்கும் அக்காவோ தங்கையோ தேவைப்படுவதில்லை. உறவுப் பொருள் போய், சமம் என்ற பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உங்கள் கம்பெனியின் துணைத் தலைவரை நீங்கள் மச்சி என்று கூப்பிடுவீர்களா? அவர் எவ்வளவு கலகலப்பானவராக இருந்தாலும் மாட்டீர்கள். அதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தில் அந்த உணர்வு காதால்தான் பழகும். அதற்குக் கொஞ்சம் நாளாகும்.

காதால் என்று ஏன் சொல்கிறேன் என்றால், டூட் எழுத்தில் ஒரு சொல், பேச்சில் பல சொல். இன்று ராத்திரி கால் வரும்போது கவனித்துப் பாருங்கள். வெட்டென்று உயர்த்திச் சொன்னால், ‘என்னப்பா இது, நிறுத்து’. நீட்டி, கீழே இறக்கி ‘டூ…ட்’ என்றால், ‘அடப் பாவமே’ என்ற பரிவு, அல்லது நம்ப முடியாத வியப்பு. வாக்கியத்தின் முன்னால் வந்தால், ‘இதைக் கேளு’ என்று காதைத் திருப்பும் வேலை. வாக்கியத்தின் கடைசியில் மெதுவாக வந்தால், சொன்ன விஷயத்தின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும். “யு ப்ரோக் தி பில்ட், டூட்” (நீ செய்த மாற்றத்தால் மென்பொருள் உடைந்துவிட்டது) என்று ஒருவர் சொன்னால், தப்பு உன்னுடையதுதான், ஆனால் நான் கோபமாக இல்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். டூட்டை எடுத்துவிட்டால் அதே வாக்கியம் குற்றச்சாட்டாகிவிடும்.

இந்த இசை முழுக்கத் தொண்டையில் இருக்கிறது. சாட்டில் தட்டச்சு செய்யும்போது அது போய்விடுகிறது. ‘தேங்க்ஸ் டூட்’ என்ற இரண்டு சொல்லைப் படிப்பவர் எந்தத் தொனியில் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். அதனால் நான் வகுப்பில் சொல்லும் விதி: காதால் கேட்ட சொல்லை வாயால் மட்டும் திருப்பிச் சொல்லுங்கள், எழுத்தில் அவர்கள் உங்களுக்கு எழுதிய பிறகு எழுதுங்கள். மின்னஞ்சலில் எப்போதுமே வேண்டாம். அது எந்த மேலதிகாரிக்கு எப்போது ஃபார்வர்டு ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது.

இன்னொரு வேறுபாடு உண்டு. இதில் நன்றாக ஆங்கிலம் பேசுபவர்களே சறுக்குகிறார்கள். நேரில் ஒருவரைக் கூப்பிடும் டூட் வேறு, ஒருவரைப் பற்றிப் பேசும் டூட் வேறு. கூப்பிடும்போது அது பெரும்பாலும் ஆண் பெண் பார்ப்பதில்லை. ‘தட் டூட்’, ‘சம் டூட்’ என்று படர்க்கையில் வந்தால் அது ஆண் மட்டும்தான். கூடவே ‘யாரோ ஒருத்தன்’ என்ற அலட்சியமும் வந்துவிடும். வாடிக்கையாளர் தரப்பில் பிழையைச் சுட்டிக்காட்டியவரைப் பற்றி, “தி டூட் ஹூ ரிப்போர்ட்டட் திஸ்” என்று நீங்கள் காலில் சொன்னால், காதுக்கு நன்றாகத்தான் இருக்கும். அந்த ஆள் அதே காலில் இருந்தால் நன்றாக இருக்காது. அவர் பெயரைச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால், ‘தி பர்ஸன் ஹூ’ போதும்.

பெயர் என்று சொன்னேன் அல்லவா, உங்கள் கடிதத்துக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது. நம் அலுவலகங்களிலிருந்து அமெரிக்கர்களோடு பேசப் போகும் பலர், ‘சார்’, ‘மேடம்’ என்பதிலிருந்து ஒரே தாவாக டூட்டுக்குப் போகிறார்கள். சார் வேண்டாம், இங்கே எல்லோரும் ஃப்ரெண்ட்லி என்று பயிற்சியில் சொல்லிவிடுகிறார்கள். சார் போன இடத்தில் என்ன வைப்பது என்று யாரும் சொல்வதில்லை. அந்த இடம் பெயருக்கு உரியது. பெரும்பாலான அமெரிக்க அலுவலகங்களில் நேற்றுச் சேர்ந்தவரும் நிறுவனத் தலைவரை முதல் பெயரால்தான் கூப்பிடுகிறார். தெற்கு மாநிலங்களில் மட்டும் ‘சார்’, ‘மாம்’ இன்றும் சாதாரண மரியாதையாகப் புழக்கத்தில் இருக்கிறது. முதல் பெயர் அங்கே மரியாதைக் குறைவும் இல்லை, தனி நெருக்கமும் இல்லை, நடுநிலை. டூட் அதற்கு அப்புறம் வரும் படி. பெயர் சொல்லிப் பழகி, சேர்ந்து இரண்டு மூன்று மென்பொருள் ரிலீஸ்களை முடித்து, ராத்திரி வெகுநேரம் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பிரச்சினையைத் தீர்த்து, ஒருவரையொருவர் சிரிக்க வைத்த பிறகு வருவது. பெயர் சொல்லவே இன்னும் தயங்கும் ஒருவரிடம் டூட் சொல்வது நடுப்படியை விட்டுவிட்டு ஏறுவது. உங்கள் டெலிவரி மேனேஜர் சங்கடப்பட்டது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பெண்களிடம் சொல்லலாமா என்று நீங்கள் தனியாகக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பெண்கள், முக்கியமாக மேற்குக் கரையில் வளர்ந்தவர்கள், தங்களுக்குள்ளும் ஆண் நண்பர்களிடமும் தாராளமாகச் சொல்கிறார்கள். அதே பெண்களில் சிலருக்கு, ஆண் சகா ஒருவர் தங்களை டூட் என்றால் பிடிப்பதில்லை. ஆண்கள் நிறைந்த ஒரு துறையில் போராடி மேலே வந்தவரை மறுபடியும் பையன்கள் கூட்டத்தில் ஒருத்தியாகச் சேர்ப்பதுபோல அது படலாம். திருநங்கைகளுக்கு அது இன்னும் ஆழமாக வலிக்கும். ஆண் என்று தாங்கள் மறுத்துவந்த அடையாளத்தையே அது திரும்ப ஒட்டுகிறது. இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரே உங்களை டூட் என்று கூப்பிடாதவரை, எந்தப் பெண்ணிடமும் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அவர் கூப்பிட்டாலும், அவர் உங்களைவிடப் பல படி மேலே இருந்தால், பெயரிலேயே நில்லுங்கள். மூத்தவர் இளையவரிடம் இறங்கி வருவது அவர் விருப்பம். இளையவர் மறுநாளே அதே சொல்லைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அப்படியானால் யாரிடம் சொல்லலாம்? உங்களை டூட் என்று கூப்பிடும் அந்த இரண்டு பேரிடம், உங்கள் வயதை ஒட்டியவர்களாக இருந்தால், பேச்சில், மற்றவர்கள் அதிகம் இல்லாத காலில். வேறு யாரிடமும் இப்போதைக்குத் தேவையில்லை. சொல்லாமலே இருந்தாலும் உங்களை யாரும் ஒட்டாதவர் என்று நினைக்க மாட்டார்கள். அமெரிக்கர்களிலேயே டூட் வாயில் வராதவர்கள் எத்தனையோ பேர். குழுவை மொத்தமாகக் கூப்பிட வேண்டுமென்றால் ‘டூட்ஸ்’ வேண்டாம். ‘ஹாய் ஆல்’, ‘ஹாய் டீம்’, ‘ஃபோக்ஸ்’ எல்லாமே இயல்பானவை. இங்கிலாந்து வாடிக்கையாளரோடு வேலை வந்தால், அங்கே டூட் அமெரிக்க வாடை அடிக்கும். அவர்கள் ‘மேட்’ என்பார்கள். அதற்கும் இதே காத்திருப்புதான்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஆன்லைன் விளையாட்டிலும் யூடியூபிலும் அவன் நாள்தோறும் கேட்கும் சொல் இது. அதை உங்களிடம் சொல்லும்போது ‘அப்பா’ என்பதற்குப் பதிலாகச் சொல்கிறானா, அல்லது ‘டூட், என்ன இது!’ என்று ஆச்சரியத்தில் வாய்தவறி வருகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகை வெறும் வியப்பொலி, ‘ஐயோ’ என்பதுபோல. அதற்குக் கோபப்பட்டால் அவனுக்கு என்ன தப்பு என்றே புரியாது. அப்பா என்ற சொல்லையே அது இடம்பெயர்த்தால், உங்களுக்கு அது பிடிக்கிறதா இல்லையா என்பதை நேராகச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால், ‘என்னை அப்பா என்று கூப்பிடு, அதுதான் எனக்குப் பிடிக்கும்’ என்று சொன்னால் போதும். மரியாதை, பண்பாடு என்று நீண்ட பேச்சு வேண்டாம். சில வீடுகளில் அப்பாவுக்கும் பையனுக்கும் இது ஒரு செல்லமான விளையாட்டாக இருக்கிறது. அப்படி இருந்தால் இருக்கட்டும். ஆசிரியரிடமும் தாத்தா பாட்டியிடமும் சொல்லக் கூடாது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் நியூயார்க் மினுக்கிகளின் கதையையும், கோட்டுக் கிழிக்கப்பட்ட லாஸ் ஏஞ்சலஸ் பையன்களின் கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள். தன் வாயில் இருக்கும் சொல்லுக்கு இவ்வளவு வயது என்று தெரிந்தால் அந்த வயதுப் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள்.

கடைசியாக, மன்னிப்பு. வேண்டாம். ‘யு ஆர் வெல்கம்’ என்பது கோபமான பதில் இல்லை. நன்றிக்கு ஒரு அமெரிக்கர் சொல்லும் சாதாரணப் பதில்தான். அவர் அதைக் கவனிக்காமலே கடந்துபோயிருக்கலாம். கவனித்திருந்தாலும், நன்றி சொல்லும் அவசரத்தில் வந்தது என்று புரிந்துகொள்வதற்கு அவருக்கு அனுபவம் இருக்கும். ஒரு வாரம் கழித்து நீங்கள் விளக்கமாக மன்னிப்புக் கேட்டால், இல்லாத ஒரு பிரச்சினைக்கு அவர் பதில் எழுத வேண்டிவரும், உங்களை ஆறுதல்படுத்தும் வேலையும் அவர் தலையில் விழும். அடுத்த முறை அவருக்கு எழுதும்போது முதல் பெயரைப் போட்டு, அவர் செய்த உதவியைக் குறிப்பாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இரண்டே வரி: அந்த அனுமதி செவ்வாய்க்கிழமையே கிடைத்ததால் எங்கள் டெஸ்டிங்கை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க முடிந்தது, மிக்க நன்றி என்ற மாதிரி. உங்கள் டெலிவரி மேனேஜரையும் அதே திரியில் வைத்துக்கொள்ளுங்கள்.